யோகட் மூடியில வேஞ்ச கூரை

கண்டி டவுனச் சுத்தி நான் பார்க்காத கிறுக்கு இல்ல. குளத்தச் சுத்திப் பின்பக்கமாவே நடக்குற மனுசனப் பார்த்திருக்கேன். மகனுக்குப் பொண்ணு பார்க்கப் போயி, பொண்ண மறந்துட்டு அந்த வீட்டுப் பசுமாட்டுக்கு வெல பேசிட்டு வந்த ஆளையும் பார்த்திருக்கேன். ஆனா உள்ளங்கை அகலத் தகரத்துக்காக ரோட்டோரம் உக்காந்து கண்ணுல தண்ணி விட்ட மனுசன் இந்த உலகத்துலயே ஒருத்தருதான். அவரு எங்க மகியாவைச் சந்துல, எனக்குப் பக்கத்து வீடு.

அவரு பேரு என்னன்னு கேட்டீங்கன்னா நான் கொஞ்சம் யோசிக்கணும். எல்லாருக்கும் அவரு ஸ்டேசன் மாஸ்டர். ரயில்வேயில ஒரு நாள் வேல செஞ்சதில்ல. முனிசிபல்ல தண்ணி பில்லு கிளார்க்கா இருந்து பென்சன் வாங்குனவரு. ஆனா பேரு ஒட்டிக்கிச்சு. சந்துக்குப் புதுசா வந்தவங்க உண்மையின்னு நெனச்சுக்கிட்டு, "மாஸ்டர், மாத்தளை ரயில் எத்தனை மணிக்கு?"ன்னு கேப்பாங்க. அவரு ரொம்ப மரியாதையா, "எது, அவங்களோடதா, நம்மளோடதா?"ன்னு திருப்பிக் கேப்பாரு. "அவங்களோடது எனக்குத் தெரியாது. நம்மளோடது இன்னைக்கு ஓடாது. கொட்டகைக்குக் கூரை இல்ல."

நம்மளோடதுன்னா, அவரு வீட்டு முன் அறையில ஓடுற குட்டி ரயிலு.

அந்த அறைய நீங்க பார்த்திருக்கணும். கதிரை கெடையாது, அலுமாரி கெடையாது. பழைய கதவு ரெண்ட ஒண்ணாச் சேர்த்து, இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவரு வரைக்கும் மேசையாப் போட்டிருப்பாரு. அதுமேல தண்டவாளம், மலை, சுரங்கம், தேயிலை, பாலம், எல்லாம். எஞ்சின் மட்டும் வெளிநாட்டுல இருக்குற மச்சான் அனுப்புனது. மத்தது பூரா இவரு கையால செஞ்சது. தேயிலைச் செடிக்குப் பாத்திரம் தேய்க்கிற பச்ச நார வெட்டி ஒட்டியிருந்தாரு. பாக்கியம் அந்த மாசம் பூரா சாம்பல வச்சுத்தான் சட்டி தேய்ச்சா.

பாக்கியம் அவரு சம்சாரம். தங்கமான பொம்பள, வாய் மட்டும் கொஞ்சம் எரிக்கும். அந்த வீட்டுல முன் அறையத் தாண்டித்தான் குசினிக்குப் போகணும், மேசையோ வழிய மறிச்சுக் கெடக்கு. அதனால எல்லாரும் தவழ்ந்துதான் போகணும். பாக்கியம் கையில தேத்தண்ணிக் கோப்பையோட தவழ்ந்து வருவா, ஒரு சொட்டு சிந்தாது. ஒரு தடவ, பழைய தண்ணி பில்லு விசயமா சண்ட போட ஒரு பெரிய மனுசன் வெள்ளச் சட்டையோட வந்தாரு. வந்தவரத் தவழச் சொல்லி உள்ள கூட்டிட்டுப் போனாங்க. அந்தப் பக்கம் எந்திரிச்சப்போ அவருக்கு எதுக்கு வந்தோம்னே மறந்து போச்சு. தேத்தண்ணி குடிச்சிட்டுத் திரும்பத் தவழ்ந்து போயிட்டாரு.

நானும் தவழ்ந்திருக்கேன். இந்த முட்டிய வச்சுக்கிட்டு. என்னத்துக்குன்னு கேக்காதீங்க, அந்த எஞ்சின் சுரங்கத்துக்குள்ள போயி வெளிய வர்றத எத்தன தரம் பார்த்தாலும் எனக்குச் சலிக்காது.

"எந்த ஊரு ஸ்டேசன் மாஸ்டர் இது?"ன்னு ஒரு நாள் கேட்டேன்.

"ஊரு இன்னும் முடிவாகலக்கா."

ஸ்டேசன் முடிஞ்சிருச்சு, பெஞ்சு முடிஞ்சிருச்சு, கொடி காட்டுற ஆளு கூட முடிஞ்சிருச்சு. முடியாதது ஒண்ணுதான். சாமான் ஏத்துற கொட்டகை. நாலு சுவரும் எழும்பி நிக்குது, மேல கூரை இல்ல. அதுக்குத் தகரம் வேணும். சும்மா தகரம் இல்ல, நம்ம தோட்டத்து லயத்து வீட்டுக் கூரையில இருக்குமே, மேடும் பள்ளமுமா வரி வரியா, அந்தத் தகரம். ஆனா அந்த வரி ஒவ்வொண்ணும் தலைமுடியவிடக் கொஞ்சம் தடிப்பா இருந்தாப் போதும். அப்படி ஒரு தகரத்த எந்தக் கடையில விக்கிறாங்க? வெளிநாட்டுப் புத்தகம் ஒண்ணு வச்சிருந்தாரு. எனக்கு வாசிக்கத் தெரியாது, படத்தக் காட்டுனாரு. அங்கயெல்லாம் கடைக்குப் போனா பாக்கெட்டுல வாங்கலாமாம். அதச் சொல்லும்போது அவரு மூஞ்சியப் பார்த்தா, செத்த வீட்டுல இருக்குற மாதிரி இருந்துச்சு.

முதல்ல பிஸ்கட் பெட்டி அட்டையில ஆரம்பிச்சாரு. அந்த அட்டைய நனைச்சு மேல் தாள உரிச்சா உள்ளுக்குள்ள வரி வரியா இருக்குமில்ல, அது. வெள்ளிச் சாயம் பூசுனாரு. தூரத்துல நின்னு பார்த்தா நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அவரு, "புதுசா இருக்குக்கா, பொய்யா இருக்கு. தகரம்னா துரு இருக்கணும்"ன்னாரு.

துருவுக்கு எங்க போறது? தேயிலைச் சாயம் போட்டுப் பார்த்தாரு, சாயம்போன சீல மாதிரி வந்துச்சு. ஒரு நாள் எங்க வாசல்ல நான் வெத்தில போட்டுக்கிட்டு இருக்கேன், தண்ணி போற கானுக்குள்ள துப்புனேன். இவரு சைக்கிள நிறுத்திட்டுக் கான எட்டிப் பார்க்குறாரு. சாமியப் பார்க்குற மாதிரிப் பார்க்குறாரு.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க."

"என்ன?"

"கூரையக் கொண்டு வந்தா, ஒரு தரம் அதுமேல துப்பித் தருவீங்களா?"

எனக்குக் கோவமும் வருது, சிரிப்பும் வருது. என் வயசுக்கு ஒருத்தர் வீட்டுக் கூரையில துப்பச் சொல்லி என்னக் கேட்டது அதுதான் முதல் தரம். துப்புனேன். மறைச்சு என்ன, குறி பார்த்து நல்லாவே துப்புனேன். நிறம் அச்சு அசல் துரு. ரெண்டு நாளுல கறுத்துப் போயி மணக்க ஆரம்பிச்சிருச்சு. பாக்கியம் அதத் தூக்கி வெளிய எறிஞ்சிட்டு என்னோட ஒரு வாரம் பேசல. நான் துப்பக்கூடாதாம். கேட்டவர விட்டுட்டா.

அப்புறம்தான் அந்த விபரீதம்.

மாஸ்டர் இன்னொரு அட்டைக் கூரை செஞ்சாரு. நெசத் துருவயே தூளாக்கிப் பசையில தூவணும்னு அவருக்குப் புத்தியில பட்டுச்சு. நெசத் துரு எங்க இருக்கு? அவங்க குசினிக்கு மேலயே இருக்கு. பழைய தகரம், ஏற்கனவே ஊசிக் கண்ணு ஊசிக் கண்ணா ஓட்ட. ரெண்டு தகரம் மாத்திக் குடுங்கன்னு பாக்கியம் வருசக் கணக்காக் கேட்டுக்கிட்டு இருந்தா. மனுசன் ஏணி வச்சு ஏறி, கத்தியால அந்தத் தகரத்தச் சொரண்டு சொரண்டுன்னு சொரண்டி, மாத்திரைப் போத்தல் நெறையத் துருத்தூள் எடுத்துட்டாரு. எறங்கி வந்து எனக்குக் காட்டுறாரு. "பாருங்கக்கா, என்ன அழகு." சிவப்பும் மஞ்சளுமா அழகாத்தான் இருந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் மழ. கண்டி மழ உங்களுக்குத் தெரியும், ஆரம்பிச்சா அதுக்கு மனசாட்சி கெடையாது. பாக்கியம் அடுப்புல பருப்பும் கத்தரிக்காக் கறியும் வச்சிருக்கா. ஊசிக் கண்ணா இருந்தது இப்போ தேங்கா அளவு. அடுப்புக்கு நேரா மேல. தண்ணி ஊத்துது. அடுப்பு அணைஞ்சு, கறி நெறைஞ்சு வழிஞ்சு, குசினி பூராச் சாம்பல் தண்ணி. இவரு முன் அறையில அட்டைக் கூரை நனையாம மார்போட அணைச்சுக்கிட்டு நிக்கிறாரு. அதையும் காப்பாத்த முடியல. ஈரத்துல அட்ட ஊறி அப்பம் மாதிரி உப்பிப் போச்சு.

நான் ஓடிப் போயிப் பார்த்தா, பாக்கியம் சத்தம் போடல. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. சீலைய முழங்காலுக்கு மேல தூக்கிச் சொருகிக்கிட்டு, மேசைக்கு அடியில தவழ்ந்து வந்து, பெட்டியில நாலு துணிய வச்சா.

"புசல்லாவைக்கு அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"இந்த மழையிலயா?"

"இங்கயும் மழதான பெய்யுது. உங்க கொட்டகைக்குக் கூரை ஏறுனாச் சொல்லி அனுப்புங்க. அன்னைக்கு வர்றேன்."

போயிட்டா.

இங்க நான் ஒண்ணு சொல்லணும். எங்க ஆளுங்க வழக்கத்துல, கோவிச்சுக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போன பொம்பள தானாத் திரும்பி வரமாட்டா. புருசன் போயிக் கூப்பிடணும். கையில கொஞ்சம் பழம், அண்ணன் புள்ளைங்களுக்குப் பிஸ்கட், கூட வயசான பொம்பள ஒருத்தி. அவ முதல்ல மாட்டேன்னு சொல்லணும். அப்புறமும் மாட்டேன்னு சொல்லணும். அதுக்கப்புறம் அண்ணன், "போயிட்டு வா தங்கச்சி"ம்பாரு, இவ அழுதுக்கிட்டே பெட்டிய எடுப்பா. போகும்போது என்ன சொல்லிட்டுப் போனாங்கறத யாரும் கணக்குல எடுக்குறதில்ல. எங்க வீட்டுக்காரர் இருந்தப்போ நானும் ஒரு தடவ, "உங்க பொணத்தப் பார்க்கத்தான் வருவேன்"னுட்டுப் போனேன். மறுநா பஸ்ஸுக்குக் கூப்பிட வந்துட்டாரு. நானும் வந்துட்டேன்.

இந்த மாஸ்டருக்கு அது புரியல. மனுசன் பாக்கியம் சொன்னத அப்படியே எடுத்துக்கிட்டாரு. கூரை ஏறணும், அப்பத்தான் கூப்பிடலாம்.

"போயிக் கூப்பிடுங்க மாஸ்டர். ஒரு சீப்பு வாழப்பழம் போதும்."

"கூரை இல்லாமயாக்கா?"

"கூரைய யாரு கேட்டா?"

"அவதான் கேட்டா. நீங்களும் இருந்தீங்களே."

இப்படிப்பட்ட ஆளுகிட்ட என்னத்தப் பேசுறது? அப்புறம் ஒரு நாள், என் வாசல்ல நின்னுக்கிட்டு, தலையக் குனிஞ்சு சொன்னாரு. "நான் வாழ்க்கையில ஒண்ணயும் முடிச்சதில்லக்கா. பரீட்ச முடிக்கல. காணி வாங்கி வீடு முடிக்கல. அவ கேட்ட ரெண்டு தகரம் மாத்தல. இப்ப வெறுங்கையோட போனா, 'இதுவும் முடியலயா'ன்னு பார்ப்பா. வாயால கேக்கமாட்டா. பார்ப்பா." அதச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வரல, எனக்கும் வரல.

சரின்னு தகர வேட்டைக்குக் கெளம்பிட்டாரு. அட்டையில இனி வேணாம், உலோகம்தான் வேணும்னு ஒரே புடி. அக்குறணையில பெரிய இரும்புக் கடை ஒண்ணு இருக்கு, எனக்கும் ஒரு வாளி வாங்க வேண்டியிருந்துச்சு, கூடப் போனேன். கடை ஹாஜியார் நல்ல மனுசன்.

"வாங்க, என்ன வேணும்?"

"கூரைத் தகரம் ஹாஜியார்."

"எத்தன அடி?"

மாஸ்டர் சட்டப் பையில இருந்து நெருப்பெட்டிய எடுத்து மேசையில வச்சாரு. "இந்த மாதிரி ஒரு ஆறு."

ஹாஜியாரு நெருப்பெட்டியப் பார்த்தாரு. அவரப் பார்த்தாரு. என்னப் பார்த்தாரு. நான் வாளியப் பார்த்தேன்.

"கோழிக்கூட்டுக்கா?"

"கோழி பெருசு ஹாஜியார்."

"அப்ப எலிக்கா?"

"இல்ல, சாமான் கொட்டகைக்கு. உள்ள தேயிலைப் பெட்டி அடுக்கணும்."

ஹாஜியாரு கொஞ்ச நேரம் தாடியத் தடவிக்கிட்டே இருந்துட்டு, பையன்கிட்ட ரெண்டு தேத்தண்ணி கொண்டாரச் சொன்னாரு. என்கிட்ட மெதுவா, "ஊட்டுல யாரும் இல்லியாம்மா இவருக்கு?"ன்னு கேட்டாரு. "சம்சாரம் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா ஹாஜியார்"னேன். "அதான பார்த்தேன்"ன்னாரு. வாளிக்கு வெல கொறைச்சுக் குடுத்தாரு.

அடுத்து களிம்பு டியூப். முன்னெல்லாம் பற்பச டியூப் ஈயத் தகடுல வருமில்ல, இப்ப எல்லாம் பிளாஸ்டிக். சொறி சிரங்குக்குப் போடுற களிம்பு மட்டும்தான் இன்னும் தகட்டு டியூப்புல வருதுன்னு கண்டுபுடிச்சாரு. வாங்கி வாங்கி, உள்ள இருக்குற களிம்பப் பிதுக்கி, சந்துல வீடு வீடாக் குடுத்தாரு. மகியாவையில அந்த மாசம் ஒருத்தரும் சொறியல. ஆனா டியூப்பு வெட்டுனா ஓரம் சுருண்டுக்குது, வரி புடிக்கல. அதுவும் போச்சு.

பாக்கியம் எனக்கு போன் பண்ணுவா. அந்த மனுசன் எப்படி இருக்காருன்னு கேக்கவே மாட்டா.

"அக்கா, அடுப்பு எப்படி இருக்கு?"

"அடுப்புக்கென்ன, மேல ஒரு பிளாஸ்டிக் சீட்டப் போட்டு வச்சிருக்காரு."

"சோறு ஆக்குதா?"

"அடுப்பா?"

"ஆமா, அடுப்பு."

"ஆக்குது. உப்புத்தான் கூட. ரெண்டு சுத்து எளைச்சுப் போச்சு அடுப்பு."

அப்புறம், "கொட்டகை?"ன்னா. "இன்னும் இல்ல"ன்னேன். வச்சிட்டா.

கடைசியில தகரம் கெடைச்சது எங்கன்னு நெனைக்கிறீங்க? யோகட் கப்புல. கப்பு மேல ஒட்டியிருக்குற அந்த வெள்ளி மூடி. ஒரு நாள் என் பேத்தி தின்னுட்டுப் போட்ட மூடிய வெரலால மடக்கிப் பார்த்தவரு அப்படியே நின்னுட்டாரு. தடிப்பு சரி. மடிப்பு நிக்கிது. அன்னையில இருந்து சந்துல எல்லாருக்கும் யோகட் வாங்கிக் குடுத்தாரு. ஒரே நிபந்தன, மூடியக் கிழிக்காம உரிச்சுத் தரணும்.

ஆனா பழக்கம்னு ஒண்ணு இருக்கே. யோகட் மூடிய உரிச்சா முதல்ல யாரும் அத நக்காம இருப்பாங்களா? நக்குனா மடிஞ்சிடும். இவரு பக்கத்துலயே நிப்பாரு. "அக்கா, நக்காதீங்க. கையெடுத்துக் கும்புடுறேன், மூடிய நக்காதீங்க." நான் வாழ்க்கையில அவ்வளவு யோகட் தின்னதுமில்ல, அவ்வளவு சந்தோசமில்லாமத் தின்னதுமில்ல.

வரி போடுறதுக்கு அவரு புடிச்சது பேன் சீப்பு. பொம்பளப் புள்ளைங்க தலைக்குப் போடுறோமே, பல்லு நெருக்கமா, அந்தச் சீப்பு. அந்தப் பல்லு மேல மூடிய வச்சு, ஊசி முனையால ஒவ்வொரு பல்லுக்கும் நடுவுல மெதுவா அழுத்தி இழுத்தா, மேடும் பள்ளமும் அச்சா விழுகுது. முதல் துண்ட எடுத்து உள்ளங்கையில வச்சுக் காட்டுனாரு. சத்தியமாச் சொல்றேன், எனக்கு மழச் சத்தம் கேட்டுச்சு. அப்படி இருந்துச்சு.

ஆனா ஒரு மூடியில ஒரு துண்டுதான் தேறும். ஊசி கொஞ்சம் அழுந்துனாக் கிழிஞ்சுது. அழுந்தாட்டி வரி விழல. நாளுக்கு ஒரு துண்டு நல்லா வந்தாப் பெருசு. சில வாரம் ஒண்ணுமில்ல. கிழிஞ்ச துண்டுகளத் தூக்கி எறியாமச் சன்னல் ஓரமா வரிசையா வச்சிருப்பாரு. வெயில் பட்டா அது பாட்டுக்கு மின்னிக்கிட்டு இருக்கும். சன்னல்லதான் வெளிச்சம், மனுசன் மூஞ்சியில ஒண்ணுமில்ல.

ஒரு வழியாக் கூரைக்குத் தேவையான துண்டு சேர்ந்துச்சு. ஒண்ணுமேல ஒண்ணு ஏத்தி ஒட்டி, மாத்திரைப் போத்தல்ல இருந்த அந்தக் குசினித் துருவத் தூவுனாரு. மறுநா காலையில என்னக் கூப்பிட்டாரு. தவழ்ந்து போனேன். மேசை மேல இருக்கு. உள்ளங்கை அகலம்தான். ஓரத்துல துரு கசிஞ்சு, ஒரு மூலையில தகரம் லேசாத் தூக்கி, ஆணி அடிச்ச எடத்துல எல்லாம் ஊசியால புள்ளி. நான் பொறந்த லயத்துக் கூரைய யாரோ ஒடைச்சுக் கொண்டு வந்து வச்ச மாதிரி இருந்துச்சு. மாஸ்டர், "இப்ப ஏத்த வேணாம்க்கா, கையோட கொண்டு போயி அவளுக்குக் காட்டிட்டு, வந்து அவ கையாலயே ஏத்தலாம்"ன்னாரு. "நீங்களும் வாங்க. தனியாப் போக வெக்கமா இருக்கு."

கெளம்பிட்டோம். கூரைய ஒரு மிட்டாய்க் கடை அட்டப் பெட்டியில, பஞ்சுல படுக்க வச்சிருந்தாரு. நான் வாழப்பழமும் பிஸ்கட்டும் எடுத்துக்கிட்டேன். நீங்க மறந்தாலும் நான் மறக்கமாட்டேன்.

கண்டியில பஸ்ஸு ஏறும்போதே கூட்டம். எனக்கு முன்னால ஒரு சீட்டு குடுத்தாங்க, மாஸ்டர் நடுவுல நிக்கிறாரு. ஒரு கையால கம்பியப் புடிச்சு, மத்த கையில பெட்டிய அர்ச்சனத் தட்டு மாதிரி ஏந்திக்கிட்டு. பேராதனை வரைக்கும் அப்படியே வந்தாரு. கம்பளை தாண்டுனதும் வளைவு. மனுசன் இங்கிட்டுச் சாயுறாரு, அங்கிட்டுச் சாயுறாரு, பெட்டி மட்டும் நேரா நிக்கிது.

இத ஒரு சிங்கள அம்மா பார்த்துக்கிட்டு இருந்தாங்க. சீட்டுல உக்காந்திருந்தவங்க. நம்ம பஸ்ஸுல இது ஒரு வழக்கம், உங்களுக்குத் தெரியும். உக்காந்திருக்குறவங்க நிக்கிறவங்க பைய வாங்கி மடியில வச்சுக்குவாங்க. யாருன்னும் பார்க்கமாட்டாங்க, என்ன சாதி சனம்னும் கேக்கமாட்டாங்க. கையக் காட்டுனாப் போதும். அந்த அம்மாவும் கைய நீட்டுனாங்க. "தென்ன மல்லி." குடுங்க தம்பின்னு அர்த்தம். மாஸ்டர் வேணாம்னு தலையாட்டுனாரு. அவங்க விடல. பாவம் மனுசன் கஷ்டப்படுறாரேன்னு, அவ்வளவு அன்பா, கையில இருந்து வாங்கி மடியில வச்சுக்கிட்டாங்க. அவருக்கும் கை மரத்துப் போயிருக்கும், விட்டுட்டாரு. "ஹொந்தாய் அக்கே"ன்னு நன்றி சொல்லிட்டு, கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாரு. நிம்மதியா ஒரு மூச்சும் விட்டாரு. நான் பார்த்தேன்.

அடுத்த ஹோல்ட்டுல ஒரு ஸ்கூல் புள்ள ஏறுச்சு. அந்த அம்மா கைய நீட்டி அந்தப் புள்ளையோட புத்தகப் பையையும் வாங்கி, பெட்டி மேல வச்சாங்க. அதுக்கடுத்து ஒரு கெழவரு, மரக்கறிப் பையோட. அதையும் வாங்குனாங்க. லீக்ஸும் கெழங்கும். அதுக்கு மேல இன்னொருத்தரோட குட. அந்த அம்மாவோட மூஞ்சியே தெரியல, மடி மேல ஒரு மலை. மாஸ்டர் "அக்கே, அக்கே"ன்னு கூப்பிடுறாரு. அவங்க மூட்டைக்குப் பின்னால இருந்து, "பய வென்ன எபா மல்லி, மம பலாகன்னம்"ன்னாங்க. பயப்படாதீங்க தம்பி, நான் பார்த்துக்குறேன்.

அவங்களத் திட்ட எனக்கு இன்னைக்கும் வாய் வரல. எவ்வளவு நல்ல மனசு.

புசல்லாவையில எறங்குனோம். மாஸ்டர் ரோட்டோரக் கட்டையில உக்காந்து பெட்டியத் தொறந்தாரு. பெட்டி சப்பையாப் போயிருந்துச்சு. உள்ள, பஞ்சுல, யோகட் மூடி. வரி ஒண்ணுகூட இல்ல. துரு மட்டும் பஞ்சுல ஒட்டியிருந்துச்சு. மனுசன் அத வெரலால எடுக்கக்கூட இல்ல. பார்த்துக்கிட்டே இருந்தாரு, கண்ணுல இருந்து தண்ணி வருது, தொடைக்கத் தெரியல அவருக்கு.

"திரும்பப் போயிடலாம்க்கா. அடுத்த பஸ்ஸுல."

"வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறதா?"

"வெறுங்கையோட எப்படிப் போறது?"

"இந்தா வாழப்பழம்."

"அவ வாழப்பழம் கேக்கல."

எனக்கு இருந்த ஆத்திரத்துல அந்த வாழப்பழத்த அவரு தலையிலயே அடிச்சிருப்பேன். அப்பத்தான், எதுத்தாப்புல கடையில இருந்து ஒரு குரல். கடைக்காரப் பையன். "இந்தா கண்டி பஸ்ஸு வந்துருச்சு, இன்னைக்கும் நெருப்பெட்டியாக்கா?"

திரும்பிப் பார்த்தா, பாக்கியம். கடை வாசல்ல நிக்கிறா.

அப்புறம்தான் எனக்கு விசயம் தெரிஞ்சுது, அவ மதினி சொன்னா. இந்தப் பொம்பள தெனமும் கண்டி பஸ்ஸு வர்ற நேரத்துக்குக் கீழ எறங்கி வந்து ஒரு நெருப்பெட்டி வாங்கிட்டுப் போவாளாம். அண்ணன் வீட்டு அடுப்பு மேடை பூரா நெருப்பெட்டி. "கடைய வைக்கப் போறியா தங்கச்சி?"ன்னு அண்ணன் கேட்டுக் கேட்டு ஓஞ்சு போனாராம்.

பாக்கியம் ரோட்டத் தாண்டி வந்தா. புருசனப் பார்த்தா. பெட்டியப் பார்த்தா. உள்ள கெடந்ததப் பார்த்தா.

"என்ன இது?"

"கூரை."

"இதுக்கா இத்தன மாசம்?"

"காலையில நல்லா இருந்துச்சு. அக்காகிட்டக் கேளு."

"நல்லாத்தான் இருந்துச்சு"ன்னேன். "மழச் சத்தம் கேட்டுச்சு."

"முடியல பாக்கியம்"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

அவ திட்டுவான்னு நான் எதிர்பார்த்தேன். எப்படியும் மாட்டேன், மாட்டேன்னு சொல்ல வேண்டிய வழக்கம் இருக்கு, அண்ணனும் வீட்டுலதான் இருக்காரு, முறைன்னு ஒண்ணு இருக்கு. இவ அதெல்லாம் ஒண்ணும் பண்ணல. பெட்டிய மூடி, கையில எடுத்துக்கிட்டா.

"சாப்பிட்டீங்களா?"

அவரு தலையாட்டுனாரு. இல்லன்னு.

"அக்கா, நீங்க?"

"நான் யோகட்டத் தவிர என்னத்தயும் தின்பேன்"னேன்.

அண்ணன் வீட்டுல சாப்பிட்டோம். வாழப்பழத்த நான்தான் எடுத்துக் குடுத்தேன். ஒரு வார்த்த கூப்பிடல, ஒரு வார்த்த மறுக்கல, சாயங்காலப் பஸ்ஸுக்கு அவ துணிப்பெட்டியோட முன்னால நிக்கிறா. அண்ணனுக்கு, "போயிட்டு வா தங்கச்சி" சொல்லக்கூட நேரம் கெடைக்கல. பஸ்ஸுல பாக்கியத்துக்கு சீட்டு கெடைச்சது. அந்தச் சப்பைப் பெட்டிய மடியில வச்சுக்கிட்டு வந்தா. ஏறுன சனம் பைய நீட்டுச்சு, அவ ஒருத்தருக்கும் கை நீட்டல.

நீங்க நெனைப்பீங்க, அப்புறம் திரும்பவும் கூரை செஞ்சிருப்பாருன்னு. செய்யல. அதுக்கப்புறம் அவரு ஒரு யோகட் மூடியத் தொடல. சன்னல் ஓரத்துத் துண்டெல்லாம் எடுத்துக் குப்பையில போட்டாரு. எஞ்சினையும் ஓட்டல. நான் தவழ்ந்து போயி, "ஒரு சுத்து விடுங்க மாஸ்டர்"னு கேட்டாலும், "கொட்டகை முடியலக்கா"ன்னுட்டுப் பேப்பரப் பார்ப்பாரு. பேப்பரத் தலகீழாப் புடிச்சிருந்தாலும் எனக்குத் தெரியாது, ஆனா அவரு வாசிக்கலன்னு எனக்குத் தெரியும்.

குசினிக்கு மட்டும் ரெண்டு புதுத் தகரம் வந்துச்சு. பாக்கியம்தான் ஆளக் கூட்டிட்டு வந்து போட்டா. பளபளன்னு இருந்துச்சு. மாஸ்டர் கீழ நின்னு அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தாரு. "நம்புற மாதிரியே இல்லக்கா"ன்னுட்டு உள்ள போயிட்டாரு.

அந்தக் கொட்டகைக்கு இன்னைக்கும் கூரை இல்ல. நாலு சுவரு, உள்ள தேயிலைப் பெட்டி, மேல ஒண்ணுமில்ல. போன வாரம் மழ நேரம் நான் அங்க இருந்தேன். மாஸ்டர் படுத்திருந்தாரு. பாக்கியம் குசினியில இருந்து தவழ்ந்து வந்து, மடிச்ச கைக்குட்டை ஒண்ண எடுத்து, அந்தக் குட்டிக் கொட்டகை மேல விரிச்சு வச்சிட்டுத் திரும்பப் போனா. வீட்டுக்குள்ள இருக்குறது எப்படி நனையும்? அவளுக்குத் தெரியாததா. அவ போனதும் பார்த்தேன், ஒரு பக்கம் கைக்குட்ட கொஞ்சம் வெலகி, மூலையில ரெண்டு பெட்டி வெளிய தெரிஞ்சுது. இழுத்து மூடி விட்டுட்டு வந்தேன்.